'சரி' என்று வரும்வரை

எங்கள் பட்டறையில் காது அச்சு செய்கிறோம். காதுகேட்கும் கருவியைக் காதுக்குள் பொருத்தி நிறுத்துகிற சின்னத் துண்டு அது. கிளினிக்கில் காதை ஸ்கேன் செய்து ஃபைலை அனுப்புவார்கள். நான் எழுதிய புரோகிராம் அதை எடுத்து மெஷினுக்குக் கொடுக்கும். மெஷின் அச்சைச் செய்துவிடும். நடுவில் மனிதக் கையே படாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஃபைல் முழுசாக வந்துவிட்டது என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? ஃபைலின் அளவு பத்து நொடிக்குக் கூடாமல் நின்றால் வந்தாயிற்று என்று வைத்திருந்தேன். பத்து நொடிக்கு மேல் யாருக்காகவும் காத்திருக்கும் பழக்கம் எனக்கும் கிடையாது. "அவசரத்துல அண்டாவுலகூடக் கை நுழையாதுடி" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

ஒரு நாலு வயதுப் பெண் குழந்தையின் அச்சு மட்டும் இரண்டு முறை மொட்டையாக வந்தது. காதுக்குள் போகவேண்டிய நுனியே இல்லை. குழந்தை வளர்ந்துவிட்டதால் பழைய அச்சு பொருந்தவில்லையாம். கேட்பதே அந்த ஒரு காதில்தான். மூன்று வாரமாக அதுவும் இல்லை.

அனுப்புகிறவர் ஒரு தூரத்துக் கிளினிக்கின் ஸ்கேன்காரர். திக்கித் திக்கிப் பேசுவார். இரண்டு முறையும் போன் செய்தார்.

"மேடம், ஃபைல் இன்னும்..."

"வந்துடுச்சு சார், மெஷினுக்கே போயாச்சு."

"இல்ல, அது பாதி..."

"பாதிதான் சார் இருக்கு. ஸ்கேனை ஒழுங்கா எடுங்க." வைத்துவிட்டேன்.

மூன்றாவது முறை அவர் அனுப்பியபோது, தற்செயலாக அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தேன். ஃபைல் வளர்ந்தது. நின்றது. பத்தாவது நொடியில் புரோகிராம் லபக்கென்று எடுத்துக்கொண்டது. பதினைந்தாவது நொடியில் ஃபைல் மறுபடி வளர ஆரம்பித்தது. அங்கிருந்து வரும் லைனும் அவரைப் போலவே நடுநடுவே மூச்சு வாங்குகிறது. ஆக்கப் பொறுத்த புரோகிராம் ஆறப் பொறுக்கவில்லை. எழுதியவளின் புத்திதானே அதற்கும் வரும். வெட்கமாக இருந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு நானே அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "ஃபைல் முழுசா போனப்புறம் 'சரி'ன்னு பேர் வச்சு ஒரு காலி ஃபைல் அனுப்புங்க சார். அது வர்ற வரைக்கும் புரோகிராம் எதையும் தொடாது."

பத்து நொடி தாண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஃபைலுக்கு... மட்டும்தானா மேடம்... அந்தச் சலுகை?"

சிரித்துவிட்டேன். "உங்களுக்கும்தான் சார். நீங்க 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்."

அன்று மதியம் அவர் மறுபடி அனுப்பிய அந்த ஃபைல் நாலு இடத்தில் நின்று நின்று வந்து சேர்ந்தது. பின்னாலேயே 'சரி' வந்தது. அச்சு நுனியோடு முழுசாக வெளியே வந்தது. பார்சலை நானே கட்டினேன்.

நாலாம் நாள் போன் வந்தது.

"மாட்டியாச்சு மேடம்... நல்லா... பொருந்திடுச்சு."

காத்திருந்தேன்.

"பின்னாடி நின்னு... கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா."

ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"'என்னப்பா'ன்னு... கேட்டா மேடம்."

அவருடைய குழந்தை என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டு முறை அவர் பேச வந்தபோதும் நான்தான் பாதியில் வெட்டியிருந்தேன். கண் கலங்கிவிட்டது. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் இன்னும் 'சரி' சொல்லவில்லை.