வீட்டுக்குள் பேசுவதற்கு ஒரு மடிக்கணினி

1

இந்தக் கதையில் என் சொத்து என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறொரு கதை எழுதுவதற்காக, விலை குறைந்த மடிக்கணினி ஒன்று வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். என் பழைய கணினி பாதி வாக்கியத்தில் உயிரை விட்டிருந்தது. எனக்கு முன்னால் வயதான ஒருவர் நின்றிருந்தார். விற்பனையாளர் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டார்: என்ன உபயோகத்துக்கு?

"பேசறதுக்கு," என்றார் அவர்.

"வீடியோ காலா சார்?"

"இல்லப்பா. வீட்டுக்குள்ள பேசறதுக்கு."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அதற்குள் என்னை அடுத்த மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. மிச்சத்தை நான்தான் இட்டுக்கட்டுகிறேன், அன்று வாங்கிய இந்தக் கணினியிலேயே. எழுத நினைத்த அந்த வேறு கதை கிடப்பில் கிடக்கிறது. மூன்று வாரமாக இந்த மனிதர்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அந்த முதியவர்..."

வேண்டாம். அன்று மழையே இல்லை. பட்டப்பகல், மண்டையைப் பிளக்கும் வெயில்.

இரண்டாவது தொடக்கம்: "ஐந்து மாதமாக அந்த வீட்டில் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

பேசிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். தெருவில் இன்றும் கண்டக்டர்தான். பேசாமல் இருந்தவள் அவர் மனைவி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சர். ஐந்து மாதம் முன்பு, துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. இடது கை மட்டும் தப்பித்தது. அந்தக் கையில் பேனாவைக் கொடுத்தால் கோழி கிளறியதுபோல் கோடுதான் வந்தது.

கண்டக்டர் அவளுக்கும் சேர்த்துப் பேசினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று அவரே சொல்லி, அப்புறம் கொண்டுவந்தும் கொடுப்பார். கேள்வியும் அவர், பதிலும் அவர்.

[இங்கே "அவள் கண்களில் சொல்லாத ஆயிரம் சொற்கள்" என்று ஒரு வரி இருந்தது. அழித்துவிட்டேன். கண்களில் சொற்கள் இருந்தால் கணினி எதற்கு?]

சொற்கள் உள்ளே இருக்கின்றனவா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. வாய் மட்டும் அடைத்துக்கொண்டதா, மொழியே அழிந்துவிட்டதா என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தட்டச்சராக இருந்தவர் என்கிறீர்கள், எதிலாவது அடிக்க வைத்துப் பாருங்கள் என்றாள். கைபேசியின் எழுத்துகள் மனைவியின் விரலுக்குப் பொடி. அதனால்தான் மடிக்கணினி.

இன்னொரு அவசரமும் இருந்தது. கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர்கள் மகள், ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் பேசி வைத்திருந்தாள். ஒன்றாம் தேதி கொண்டுபோய் விட வேண்டும். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற மாதம் குளியலறையில் அம்மாவைத் தூக்கும்போது அப்பாவின் முதுகு பிடித்துக்கொண்டது. அவள் வந்து கதவைத் திறக்கும்வரை இரண்டு பேரும் ஈரத் தரையில் அரை மணி நேரம் கிடந்தார்கள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றார் கண்டக்டர்.

"கேக்கறதுக்கு உள்ள ஆள் இருக்காப்பா?" என்றாள் மகள்.

கேட்டுவிட்டு அவளே அழுதாள். அவருக்கும் அதே பயம்தான்.

3

கடைக்கு மூவரும் போனார்கள். மனைவி சக்கர நாற்காலியில்.

மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எட்டு ஜிபி நினைவகம், ஐந்து மணி நேரமாவது தாங்கும் பேட்டரி, பெரிய திரை. விற்பனையாளர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று பார்வைக்கு லட்சணம், ஆனால் விசைகள் அப்பளமாய்ப் படிந்திருந்தன. ஒன்று கனம். மூன்றாவது எதிலும் சேர்த்தி இல்லை, எதிலும் குறையும் இல்லை. அன்றாட உபயோகத்துக்கு இது தாராளம் என்றார் விற்பனையாளர்.

கண்டக்டருக்கு ஜிபி கணக்கெல்லாம் புரியவில்லை. மடிக்கணினி என்ற பெயரை மட்டும் அப்படியே நம்பினார். மூன்றாவதைத் தூக்கி மனைவியின் மடியில் வைத்தார். விற்பனையாளர் குனிந்து, தமிழ் எழுத்தை வரவைத்துக் கொடுத்தார்.

அவள் இடது கையைத் தூக்கி விசைகளின் மேல் வைத்தாள். திரையில் வந்தது இது:

அஇஉ்எ அஇஉ்எ அஇஉ்எ

மகள் அதை மெல்ல வாசித்தாள். அ, இ, உ. அப்புறம் உகரத்தின் தலையில் எங்கிருந்தோ வந்து குந்திய ஒரு புள்ளி. அப்புறம் எ. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட ஆவன்னாவை விடாது. அம்மா ஆவை விட்டுவிட்டாள், ஈயை விட்டுவிட்டாள், அதையும் திரும்பத் திரும்ப எழுதினாள். சொல்லிக் கொடுத்த அகர வரிசையே நைந்துபோய் நாலு எழுத்துதான் மிச்சம் என்று மகளுக்குத் தோன்றியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே போய்விட்டாள். விற்பனையாளர் மரியாதைக்காகத் தரையைப் பார்த்தார்.

4

இந்த இடத்தில் எனக்குக் கண்டக்டர் மேல் கோபம் வருகிறது.

வாசகரே, இதை நான் எழுதும் விசைப்பலகையும் அதே வகைதான். இப்போது என் இடது கையின் விரல்களை நடு வரிசையில் வைத்து, சுண்டு விரலில் தொடங்கி ஐந்து விசைகளை வரிசையாக அழுத்துகிறேன்: அஇஉ்எ. பார்த்தீர்களா? பழைய தட்டச்சுப் பொறியில் அதே ஐந்து விசைகள் ய, ள, ன, க, ப. தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள், முதல் பாடம். யளனகப, யளனகப, யளனகப என்று தாள் தாளாக அடிக்க வைப்பார்கள். அவள் அகர வரிசையைத் தொடவே இல்லை. கணினி வேறு எழுத்தைக் காட்டியது, அவ்வளவுதான்.

இது அவள் புருஷனுக்குத் தெரிய வேண்டாமா? தெரியாது. இருபத்தாறு வருடத்தில் அவள் அலுவலகத்தின் வாசல்படி தாண்டி அவர் உள்ளே போனதில்லை. அவருக்கு வண்டி, ஷிப்ட். அவளுடைய சம்பள நாள் தெரியும், வேலை தெரியாது.

(இதை எழுதிவிட்டு எழுந்துபோய், என் வீட்டில் இருப்பவர்கள் பகலெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கோபத்தைக் குறைத்துக்கொண்டேன்.)

5

அவருக்கு யார் சொல்வது? ஒரு வரைவில், கடையில் இன்னொரு வாடிக்கையாளர் இருந்தார். மாஜி தட்டச்சர். "அடடே, இது முதல் பாடமாச்சே" என்று சொல்லியபடி முன்னால் வந்தார். இரண்டு நாள் அவரை வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால், என் வேலையைச் சுலபமாக்க வந்த ஆள் என்று அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அனுப்பிவிட்டேன்.

ஆகவே கண்டக்டரேதான் பார்க்க வேண்டும்.

மகள் வெளியே போன பிறகும் மனைவி நிறுத்தவில்லை. மூன்று முறை அடித்தாள். பிறகு இடது கை விசைகளை விட்டு மேலே போய், திரையின் ஓரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் எதையோ பிடித்து வலது பக்கமாகத் தள்ளியது. மறுபடி விசைகளுக்கு வந்தது. மறுபடி மூன்று முறை. மறுபடி காற்றில் ஒரு தள்ளு.

கை உதறுகிறது என்றுதான் விற்பனையாளர் நினைத்தார். கண்டக்டர் அப்படி நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடம், வீட்டில் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் அவருடைய கை தானாக மேலே போகும், மணிக்கயிற்றை இழுக்க. அங்கே கயிறு இருக்காது. மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள். வேலை விட்டுப்போனாலும் கை விடாது என்று அவருக்குத் தெரியும். தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளும் பிடி அங்கேதான் இருக்கும். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை, விசைகளையும் பார்க்கவில்லை. இடது பக்கமாக, தாள் வைத்திருக்கும் இடத்தைப் பார்க்கும் முகமாக இருந்தாள்.

"தம்பி, இவ மெஷின்ல அடிச்சவ," என்றார். "இந்தக் கம்ப்யூட்டர் வேற எங்கயோ எழுத்தை வச்சிருக்கு."

விற்பனையாளர் அமைப்புகளைத் திறந்து தேடினார். தமிழ் என்ற பெயரில் நாலைந்து இருந்தன. ஒன்று, பழைய தட்டச்சு. புள்ளியை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிக்கும் அந்தக் காலத்து முறை. மாற்றிக் கொடுத்தார்.

யளனகப யளனகப யளனகப

அவள் இந்த முறை திரையைப் பார்த்தாள். நிறுத்தினாள். கண்டக்டர் போய் மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

6

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு கூத்தாட முடியாது. அது விரலின் ஞாபகமாக மட்டும் இருக்கலாம். விரலுக்குப் பாடம் நினைவிருந்து, அவளுக்குச் சொல் இல்லாமல் போயிருக்கலாம். மகள் அதைத்தான் நினைத்தாள், ஆனால் சொல்லவில்லை.

கண்டக்டர் முதுகு வலியோடு நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கணினியின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஒண்ணாந்தேதி உன்னை ஒரு இல்லத்துல விடலாம்னு பேசிட்டிருக்கோம். உன்னைக் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன்," என்றார். "நீ சொல்லும்மா."

அவளுடைய கை விசைகளின் மேல் சற்று நின்றது. பிறகு அடிக்கத் தொடங்கியது. வலது கை செய்ய வேண்டியதையும் இடது கையே கடந்துபோய்ச் செய்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக.

என்ன அடித்தாள்? என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ) நான் எங்கேயும் போகமாட்டேன்.

ஆ) போகிறேன். உங்கள் முதுகு தாங்காது.

இ) ஐந்து மாதமாக எனக்குப் பதிலாக நீங்கள் சொன்ன பதில் ஒன்றுகூடச் சரியில்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று நாள் அதுதான் இந்தக் கதையின் முடிவு. திருத்திப் படித்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இருபத்தாறு வருடம் ஊரார் எழுதிய பத்திரத்தை, ஊரார் சொன்ன வாக்கியத்தை அடித்தவள் அவள். அதில் ஒரு வரிகூட அவளுடையது இல்லை. கடைசியில் அவளுக்கென்று ஒரு வரி கிடைக்கும்போது, அதையும் நான் சொல்லிக்கொடுத்து அடிக்க வைப்பதா?

அதனால் மூன்றையும் எடுத்துவிடுகிறேன். அவள் வரி இங்கே:

.....................................................................

விற்பனையாளர், இதையே எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நின்றார். மகள் நாற்காலியின் பின்னால் நிற்கிறாள். குனிந்தால் படிக்கலாம், குனியவில்லை. கண்டக்டர் தரையில் இருக்கிறார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் அவளுக்காகக் காத்திருந்ததில்லை. அவள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் வந்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவள் என்ன சொல்லுவாள் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயவுசெய்து அதை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். அவள் அடித்து முடிக்கட்டும்.