பேனரில் மூன்று முகங்கள்

வழக்கறிஞர் சாமுவேல், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தபோதே சேதி நல்லதில்லை என்று உமாபதிக்குப் புரிந்துவிட்டது.

"எதிர்க்கோஷ்டி பேனரை அறுக்கச் சொன்னது நீங்க. அறுத்தவன் பாலாஜி. தெருமுனையில நின்னு ஆள் வருதான்னு பார்த்தது இந்தக் காந்தாம்மா. தடுக்க வந்த வாட்ச்மேன் மயில்வாகனத்தோட கையை அவன் பைப்பால அடிச்சு உடைச்சிட்டான். மூணு பேரும் சேர்ந்து போட்ட திட்டம்னா, அந்த அடியும் மூணு பேரையும் சேரும்."

"நான் அடிக்கச் சொல்லலியே!"

"காவலுக்கு ஆள் இருக்கிற இடத்துக்கு அந்த முரடனை அனுப்பிட்டு, அடி விழும்னு தெரியாதுன்னா ஜட்ஜ் சிரிப்பாரு."

உமாபதி செவிலிமேட்டு வட்டச் செயலாளர். 'தொண்டனின் கண்ணீர் என் கண்ணீர்' என்று மைக்கில் முழங்கிவிட்டு, கைதட்டலையும் தானே தொடங்கிவைப்பவர். கவுன்சிலர் சீட்டு ஏறக்குறைய அவர் மடியில் விழுந்திருந்தது. வழக்கில் பெயர் வந்தால் உருண்டு போய்விடும். பாலாஜி போலீஸ் லாக்கப்பில் இருந்தான், இன்னும் வாயைத் திறக்கவில்லை. உமாபதிக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருடைய எல்லா யோசனைகளையும் போல அதையும் வேறொருவர்தான் செய்தாகவேண்டும்.

"காந்தா, நீ அந்தப் பக்கமே வரலைன்னு சொல்லிடும்மா. எனக்கும் ஒண்ணும் தெரியாது. பாலாஜி போதையில தனியா பண்ணதா இருக்கட்டும்."

மகளிர் அணிக் காந்தா சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். வழக்கு வந்தால் அந்த வேலை போய்விடும். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேண்ணே. மயில்வாகனத்துக்கு அவரு சம்சாரம் இட்லி ஊட்டிக்கினு இருக்குது. நான் யாருன்னு தெரியாம, 'உக்காரும்மா'ன்றாரு மனுஷன். பாலாஜி பைப்பைச் சட்டைக்குள்ள சொருவினதை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் 'போ'ன்னு விசிலடிச்சேன். இப்போ நான் இல்லைன்னு எப்பிடிச் சொல்றது? ஸ்டேஷனுக்குப் போறேன்."

"என் பேரையும் சொல்லப்போறியா?"

"கேட்டா பொய் சொல்லமாட்டேன். கேக்கறதுக்கு முன்னாடி நீயே வந்து சொன்னா உனக்கு மரியாதை. நம்ம கட்சி பேனர்ல மட்டும் மூணு பேரும் கைகோத்துக்கினு சிரிச்சோமே, இன்னாண்ணே?"

சாமுவேல் சட்டப் புத்தகத்தை அவசரமாகத் திறந்து, சிரிப்பை அதற்குள் வைத்துக்கொண்டார்.

எத்தனையோ மேடைகளில் 'வீரத்தாயே' என்று விளித்து எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியவர் உமாபதி. ஒருவரைப் பார்த்தும் அந்தச் சொல் அவருக்கு மனதார வந்ததில்லை. காந்தா வாசலில் செருப்பை மாட்டியபோது, தான் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதை அவரே சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார். கால்கள் தலைமையைக் கேட்காமல் முடிவெடுத்திருந்தன. அவளுக்குப் பின்னாலேயே படியிறங்கவும் செய்தன.

டவுன் பஸ் வந்து நின்றது. காந்தா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கஞ்சி மொடமொடப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு உமாபதி படிக்கட்டுக்கு எதிரே நின்றார்.

பக்கத்தில் உட்கார வந்த அம்மாளிடம், "ஆள் வருதும்மா" என்று சொல்லி, காந்தா தன் பையைக் காலி இருக்கையில் வைத்தாள்.

கண்டக்டர் உமாபதியைப் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்தார்.