ஜன்னலில் கட்டிய வெள்ளைத் துணி

அந்த வீட்டில் உருப்படியான வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதை அக்கா பிடித்து வைத்திருந்தாள். இடுப்பெலும்பு உடைந்து படுத்த நாளிலிருந்து அவள் கட்டில் அங்கேதான். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஊரையே ஏற்றி இறக்கியவள். உடம்பு படுத்துவிட்டதே தவிர வாய் படுக்கவில்லை. கீழே தெருவில் போகிற ஒருவரும் அவளிடம் டிக்கெட் வாங்காமல் தப்ப முடியாது.

“தோ போறா பாரு நெட்டைக்கொக்கு. புதுச் செருப்பு. கடிக்குது, காட்டிக்க மாட்டேங்கறா.”

“உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்பாள் தங்கை, சமையலறையிலிருந்து.

“இருந்தா எந்திரிச்சுப் போயிருக்க மாட்டேனாடி?”

காலையில் பால் வண்டி போன கையோடு குடைக்காரர் வருவார். வெயிலோ மழையோ, தலைக்கு மேல் கறுப்புக் குடை விரிந்தே இருக்கும். ஜன்னலுக்கு நேரே வந்ததும் குடையை ஒரு சாண் உயர்த்துவார். அக்கா கையை உயர்த்துவாள். அவ்வளவுதான் கதை. ஒரு வார்த்தை பேசியதில்லை, பேர் தெரியாது. ஆனால் அவர் வருமுன் தலை வாரிவிடச் சொல்லித் தங்கையை அக்கா படுத்துகிற பாடு இருக்கிறதே!

“யாருக்கா அது, மாப்பிள்ளையா?”

“என் பாசஞ்சர்டி. இன்னும் இறங்காம வந்துட்டிருக்கார்.”

தங்கைக்கு வேலை ஸ்டூடியோவில் இருந்தது. ‘தாடையைத் தூக்குங்க, காது தெரியட்டும்’ என்று ஊரார் முகத்தையெல்லாம் சின்னச் சதுரத்துக்குள் அடைத்தே அவளுக்கு வயது போய்விட்டது. இனி வரவேண்டாம் என்று ஸ்டூடியோக்காரர் சொன்ன பிறகு, மரங்களைப் பற்றிப் புத்தகம் போடும் ஒருவர் அவளைத் தேடி வந்தார். தெருவோர மரங்களின் இலைகள். வெள்ளைப் பின்னணி. முன்பக்கம், பின்பக்கம். நிழல் கூடாது. முதல் பக்கத்தில் அவள் பேர் வரும். எடுத்த படம் ஒன்றின் கீழும் இதுவரை தன் பேரைப் பார்க்காதவளுக்கு அது எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

சமையல் மேஜையில் சார்ட் பேப்பர் விரித்து எடுத்தாள். டியூப் லைட்டில் இலை பாசி பிடித்ததுபோல் விழுந்தது. மொட்டை மாடியில் எடுத்தாள், நேர் வெயிலில் இலைக்குக் கீழே இன்னொரு இலை கறுப்பாக ஒட்டிக்கொண்டது. வெள்ளைத் தாளோ அழுக்கு வேட்டி நிறத்தில் வந்தது. புத்தகக்காரர் போனில், “அம்மா, வெள்ளைன்னா வெள்ளை” என்றார். அக்காவின் ஜன்னலில்தான் வெயில் நேராக அடிக்காது. வானத்து வெளிச்சம் மட்டும் வரும்.

“அக்கா, கொஞ்ச நாளைக்கு மட்டும்...”

அக்கா அவளையே பார்த்தாள். “சீட்டை விட்டு எந்திரிங்கறே. இது பெண்கள் சீட்டுடி, நானும் பெண்தான்.” பிறகு அவளே சொன்னாள்: “சரி போ. ஆனா ஒண்ணு. குடைக்காரர் வர்றப்ப என் சார்பா நீ கையைத் தூக்கணும். உள்ள இருக்கேன், வந்துடுவேன்னு ஜாடை காட்டு. அப்புறம் வந்து எங்கிட்ட சொல்லணும்.”

“இது ஒரு பெரிய வேலையா?”

கட்டில் உள்ளறைக்குப் போனது. அங்கேயும் ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு குழாயும் தெரியும்.

முதல் நாள் தங்கை சொன்னபடி நின்றாள், கையைத் தூக்கினாள். ஆள் மாறியிருப்பதைப் பார்த்து அவர் கொஞ்சம் தயங்கிக் குடையை உயர்த்தினார். அக்காவிடம் வந்து அப்படியே சொன்னாள். ஆனால் அன்றைய படங்களில், மினுமினுப்பான இலைகளின் மேலெல்லாம் ஜன்னல் கம்பிகள் வரிவரியாகப் பளிச்சிட்டன. மறுநாள் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை ஜன்னலின் நாலு மூலையிலும் இழுத்து முடிச்சுப் போட்டுக் கட்டினாள். நாலு டம்ளர்கள் மேல் கண்ணாடி, கண்ணாடி மேல் இலை, அடியில் தள்ளி வெள்ளைத் தாள். வெளிச்சம் பால் போல இறங்கியது. நிழல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பறித்த இலை காத்திருக்காது. ஓரம் சுருளும், காம்பு தொங்கும். காலை வெளிச்சத்தில் முடிச்சை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக இருந்தால் வேலை நடந்த மாதிரிதான்.

“போனாரா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

“போனார் போனார்.”

“குடையைத் தூக்கினாரா?”

“தூக்கினார்க்கா.” கண் கேமராவைவிட்டு நகராது.

பொய் ஒருமுறை பழகிவிட்டால் நகை போட்டுக்கொண்டு வரும். ஒருநாள், படம் நன்றாக விழுந்த சந்தோஷத்தில், “இன்னைக்கு மேல பார்த்துச் சிரிச்சார்க்கா” என்றாள்.

“சிரிச்சாரா? அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்லையேடி!” சுவரையும் குழாயையும் பார்த்துக்கொண்டு அக்கா அன்று முழுவதும் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் விடிந்ததும் தலை வாரிவிடச் சொன்னாள்.

வேலை முடிந்தது. “இலை காத்துல நிக்கிற மாதிரி இருக்கும்மா” என்று புத்தகக்காரர் சொன்ன சொல்லில் தங்கை மிதந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுக் கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்தாள். எல்லாவற்றையும் யோசித்தவள் துணியை மறந்துபோனாள்.

தையல்காரர் இறங்கிப் போனார். அக்கா கையை நீட்டித் துணியைத் தொட்டாள். முடிச்சுகளில் தூசி படிந்திருந்தது.

“இது எப்ப கட்டினே?”

“வெளிச்சம் மெத்துன்னு விழறதுக்குக்கா...”

“எதுக்குன்னு கேக்கல. எப்ப?”

“ரெண்டாம் நாள்.”

“அவுத்து அவுத்துக் கட்டினியா?”

தங்கை ஒரு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். பஸ் நிறையக் கேட்கும்படி கத்தக்கூடிய குரல் அது. அக்கா மெதுவாகச் சொன்னாள்: “சிரிச்சார்னியேடி.”

துணியை அவிழ்த்தாகிவிட்டது. மறுநாள் பால் வண்டி போனது, குடை வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நெட்டைக்கொக்கு போனாள், அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தங்கை கீழே இறங்கித் தையல்காரரிடம் கேட்டாள்.

“குடைக்காரரா? கொஞ்ச நாள் அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னு நின்னு பார்த்தாரும்மா. குடையத் தூக்கித் தூக்கிக் காட்டினாரு. அப்புறம் எங்கிட்ட வந்து, ‘அவங்களுக்கு உடம்பு எப்படி?’ன்னு கேட்டாரு. ‘நல்லாத்தானே இருக்காங்க’ன்னேன். ‘அப்ப நான் பாக்கறது பிடிக்காமதான் துணி கட்டிட்டாங்க போல, சொல்லியிருந்தா நானே வராம இருந்திருப்பேனே’ன்னாரு. அன்னையோட சரி. பின்தெரு வழியா போறதா கேள்வி.”

பின்தெருவில் போய் நின்றாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. தெரு முழுக்கக் குடைகள், அத்தனையும் கறுப்பு. கேமரா வழியாக ஒரு நரம்பு விடாமல் பார்த்த கண்ணுக்கு அவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை. ஒரே ஒருநாள்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் மேலேயிருந்து. நனைந்து திரும்பினாள். தையல்காரர் சொன்னதை அக்காவிடம் சொல்ல வாய் எழவில்லை.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் பேர் இருந்தது. அக்கா ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

“ஒரு இலைக்கும் நிழல் இல்ல. கெட்டிக்காரிதான்டி நீ.”

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி விடு. கண்ணு கூசுது” என்றாள்.

இப்போது அவளுக்கு முதுகுப்பக்கம் ஜன்னல். துணி இல்லை, திரை இல்லை, திறந்தே கிடக்கிறது. காலையில் பால் வண்டிச் சத்தம் கேட்டதும், சுவரைப் பார்த்தபடியே அக்கா கேட்பாள்.

“போனாரா?”

தங்கை ஜன்னலடியில் நின்று வெறுந்தெருவைப் பார்ப்பாள். இப்போது தினமும், தவறாமல் பார்க்கிறாள்.

“இல்லக்கா, அவர்...”

“போனாரான்னு கேட்டேன்.”

“போனார்.”

“குடையைத் தூக்கினாரா?”

“தூக்கினார்க்கா.”

“சிரிச்சாரா?”