அடித்தண்ணீர்

கிருஷ்ணப்பாவின் ஒரே சட்டையைத் தாட்சாயணி நான்காக மடித்து, கேழ்வரகுப் பானையின் அடியில் வைத்து மூடினாள். கணவன் காணாமற்போன அன்று அது கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு எவரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

பிச்சாட்டூர் அணைக்குள் வெட்டாமலே மூழ்கவிட்ட கருவேல மரங்கள் நின்றன. நீரில் முழுகி அவற்றின் கிளைகளை வெட்டி வந்து விறகாக விற்பது அவன் தொழில். கோடை முழுவதும் அவளிடம் ஒன்றையே சொல்லி வந்தான்.

"மேல வெந்நீ மாதிரி கீது தாட்சி. ஒரு ஆள் ஆழம் போனா வேற தண்ணி. ஜில்லுனு, இருட்டா, அழுகின முட்ட நாத்தம். ரெண்டும் ஒட்டவே ஒட்டாது."

அணைக்கு முன்பு அவ்வூரார் அறிந்திருந்தது ஆழமற்ற ஏரியை மட்டுமே. ஏரியில் மூழ்கியவர் மூன்றாம் நாள் மிதப்பது வழக்கம். ஆகவே அவனுடைய சித்தப்பா அப்பாவு மூன்று நாட்கள் கரையில் காத்திருந்தார். பிறகு எழுந்து துண்டை உதறினார்.

"மெதக்கல. அப்ப அவன் தண்ணியில இல்லம்மா. திருத்தணி பக்கம் பூட்டான்."

எல்லை பிரிந்து, திருத்தணி மதராஸுக்கும் பிச்சாட்டூர் ஆந்திராவுக்கும் என்றாகிய வருடம் அது. தமிழில் மனுக் கொடுக்க முடியாத ஊரில் இருக்கமாட்டேன் என்று அவன் பலர் முன்னிலையில் சொல்லியிருந்தான். கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் சுந்தரி சிரித்தாள்.

"நெலத்த பிரிச்ச சர்க்காரு உம் புருசனயும் பிரிச்சி அந்தாண்ட குடுத்துட்ச்சி போல."

தாட்சாயணியும் சிரித்தாள். அந்த ஏளனம் அவளுக்குப் பொறுக்கக்கூடியதாகவே இருந்தது. ஓடிப்போனவன் எங்கோ சோறு தின்பான்; உறங்குவான்; என்றேனும் வெட்கத்துடன் திரும்பவும் கூடும். இருக்கும் ஒரு சட்டையையும் விட்டுவிட்டு எவன் ஊரைவிட்டுப் போவான் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஐப்பசி பிறந்ததும் காற்றும் குளிர்ந்த மழையும் விடாமல் அடித்தன. மழை ஓய்ந்த காலையில் அணைக்கரையில் குடத்தை அமிழ்த்தியவள் கையை இழுத்துக்கொண்டாள். மேல்தண்ணீர் ஜில்லென்றிருந்தது. நிறம் கறுத்திருந்தது. கெண்டைகள் வெள்ளை வயிறு காட்டிக் கரை நெடுக ஒதுங்கியிருந்தன. அவன் சொன்ன அதே நாற்றம்; அடித்தண்ணீர் மேலே வந்துவிட்டிருந்தது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து பானைக்கு அருகில் அமர்ந்தாள்.

உச்சிப்பொழுதில் அப்பாவு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்னா மாமா?"

அவர் தரையையே பார்த்தார். "கரையில கூப்புடறாங்கம்மா. நீ தான் பாத்து சொல்லணுமாம்."

அவள் பானைக்குள் தோள்வரை கையை விட்டாள்.

கரையில் கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு விலகினாள். சட்டையை மார்போடு அணைத்து அவள் நடக்க நடக்க, அதன் மடிப்புகளிலிருந்து கேழ்வரகு ஈர மண்ணில் சிந்திக்கொண்டே போயிற்று.