கவுன்ட்டரில் கட்சி கேட்பதில்லை

அன்று காலை தொகுதி அலுவலகத்தில் இருந்தவர்கள்: முந்தின நாள் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்த மாநில சட்டமன்ற உறுப்பினர் எமில் ட்சுர்கோ. வெற்றி விருந்தில் மீந்த பிஸ்கட் தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்த கட்சிக்காரர் க்ளெண்டா பர்கெட். வீட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கும் மனுவோடு ஹோபர்ட் டன்மயர். எமிலுக்குக் கார் ஓட்டும் நான், வெஸ்.

முன்மேசையில் யாரும் இல்லை. பிப்ரவரியிலிருந்து அப்படித்தான்.

அந்த நாற்காலி ரெனாட்டா கோவலிக்குடையது. இருபது வருஷத்துக்கு மேல் அதில் உட்கார்ந்து எமிலுக்காகப் போன் எடுத்தவள். நேற்று எமிலை எதிர்த்து நின்று தோற்றவளும் அவள்தான். நாற்காலியின் முதுகில் அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் இன்னும் தொங்கியது. வேறு ஆள் போடட்டுமா என்று மாநிலத் தலைநகரமான ஹாரிஸ்பர்க்கிலிருந்து கேட்கும்போதெல்லாம் எமில் "பார்க்கலாம்" என்பார். ஸ்வெட்டரை எடுத்து வைக்கட்டுமா என்று நான் கேட்டபோது அதைக்கூடச் சொல்லவில்லை.

"சிரிச்சுத் தொலையேன் எமில்," என்றார் க்ளெண்டா. "ஜெயிச்சவன் மூஞ்சியா இது? எழவு வீட்டுல காபி ஊத்தறவன் மாதிரி நிக்கறே."

"இருநூறு சொச்சம் ஓட்டு. இதெல்லாம் ஒரு ஜெயமா?"

"ஒரு ஓட்டுல ஜெயிச்சாலும் ஹாரிஸ்பர்க்ல அதே நாற்காலிதான். பஞ்சு ஒண்ணும் கம்மியா வைக்க மாட்டாங்க."

எங்கள் தொகுதியில் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் மே மாதத்து உட்கட்சித் தேர்தல்தான் தேர்தல். நவம்பர் பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சி யாரையாவது நிறுத்தினால் அவருடைய பெயர் அவர் மனைவிக்கே ஞாபகம் இருக்காது. அதனால் எமிலுக்கு இத்தனை வருஷமாகத் தேர்தல் என்பது ஒரு சம்பிரதாயம். ரெனாட்டா நிற்கும்வரை.

அவள் நின்றதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. "இதுதான் கடைசி, அடுத்தது நீ" என்று எமில் அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் கேட்கவே சொன்னார். பிப்ரவரியில் வேட்புமனுவுக்கு வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கும் வேலை வந்தபோது, மறுபடி தன் பெயரையே எழுதிய தாள்களை அவளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். நான் சர்ச் வாசலில் நின்று வாங்கினேன். மறுநாள் கவுன்ட்டருக்கு வந்த ஒரு பெண், "நேத்து வெஸ் கையெழுத்து வாங்கினானே, இந்தத் தடவை நீ ஏன் வரல?" என்று ரெனாட்டாவிடம் கேட்டாள். ரெனாட்டா அந்தப் பெண்ணின் வேலையை முடித்து அனுப்பினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஸ்வெட்டரை மறந்துவிட்டாள்.

எமில் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்டதில்லை. காரில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஹாரிஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது ஊருக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார். கண்ணாடியைக் கீழே இழுத்துத் தலைமுடியைப் பார்ப்பார். அலுவலகத்துக்குள் நுழைந்ததும், "என்ன கலவரம் இங்க?" என்பார். "கலவரம் இப்பதான் உள்ள வருது," என்பாள் அவள், நிமிராமல். தினமும் அதே கேள்வி, அதே பதில். அந்த மனிதர் சட்டமன்றத்துக்குப் போனதே திரும்பி வந்து இதைக் கேட்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். பதவியை அவளுக்குக் கொடுத்தால் அவள் ஹாரிஸ்பர்க் போய்விடுவாள். அவர் வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி செத்த பிறகு அந்த வீட்டில் அவர் சமையலறை விளக்கைத் தவிர வேறு விளக்கைப் போடுவதில்லை. இதைக் காதல் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வேறு சொல்லும் என்னிடம் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உட்கட்சித் தேர்தலில் தோற்றவர் ஜெயித்தவரின் விருந்துக்கு வந்து ஒரு தட்டு பியரோகி சாப்பிட வேண்டும். மாவுக்குள் உருளைக்கிழங்கு அடைத்து, கொழுக்கட்டை மாதிரி வேகவைத்து சர்ச் பெண்கள் செய்து தருவது, மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம். சாப்பிட்டால் சண்டை முடிந்தது. நேற்றும் தீயணைப்பு நிலைய ஹாலில் எமில் ஒரு தட்டை நிரப்பி, அலுமினியத் தாள் மூடி, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கை குலுக்க வந்தவர்களின் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் வரவில்லை. அந்தத் தட்டை இன்று காலை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறினார். அது இப்போது அலுவலக ஃப்ரிட்ஜில் இருந்தது.

"தலைவரே," என்றார் ஹோபர்ட், "இந்த மனுவை யாராவது பார்ப்பீங்களா, இல்ல நான் பிஸ்கட் தின்னுட்டுப் போகணுமா?"

மூடிப்போன கண்ணாடி ஆலையில் வேலை பார்த்தவர். தொப்பியில் ரெனாட்டாவின் தேர்தல் பேட்ஜ் அப்படியே இருந்தது. க்ளெண்டா அதை முறைத்தார்.

"அதைக் கழட்டிட்டு உள்ள வந்திருக்கலாமில்ல?"

"கழட்டினா தொப்பி கிழியும். நல்ல தொப்பி."

"விடு க்ளெண்டா," என்றார் எமில். "கவுன்ட்டர்ல கட்சி கேக்கறதில்ல."

அது அவருடைய சட்டம். முதல் தடவை ஜெயித்த வாரமே போட்டது. உதவி கேட்டு வருகிறவனிடம் எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது, தெரிந்துகொள்ளவும் முயலக் கூடாது. அரசியலில் எமில் செய்த பலவற்றை என்னால் குறை சொல்ல முடியும். இதை முடியாது. ரெனாட்டா அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததும் இதற்காகத்தான், அவளே சொல்லியிருக்கிறாள்.

எமில் கண்ணாடி போட்டுக்கொண்டு மனுவைப் புரட்டினார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. பிறகு ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்தார்.

"சட்டம் போடறவரு நீங்க. இது தெரியாதா?" என்றார் ஹோபர்ட்.

"சட்டம் போடறது சுலபம்யா. இந்தக் கேள்வியெல்லாம் எந்தப் பாவி எழுதினான்னுதான் தெரியல."

அப்போதுதான் கதவு திறந்தது. ரெனாட்டா.

தூங்காத முகம். கையில் பை இல்லை, அதிக நேரம் நிற்கப் போவதில்லை என்று காட்டுகிற மாதிரி கார் எஞ்சினை ஓடவிட்டே வந்திருந்தாள். கால்சட்டைப் பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து கவுன்ட்டரில் வைத்தாள்.

"இதைக் குடுக்கணும்னு வந்தேன். வாழ்த்துக்கள்."

எமில் சாவியைப் பார்க்கவில்லை. "நேத்து விருந்துக்கு வரலியே."

"தூங்கிட்டேன்."

"பொய்."

"ஆமா."

"ரெனாட்டா, நல்ல நேரத்துல வந்தே," என்றார் ஹோபர்ட். "இந்த மனுஷன் என் பொண்டாட்டியைக் கொன்னுட்டாரு. 'இறந்தவரின் துணைவர்'ங்கற கட்டத்துல டிக் அடிச்சிருக்காரு. வீட்டுல அவ உயிரோட குத்துக்கல் மாதிரி இருக்கா."

ரெனாட்டா மனுவைப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. "எமில், இது பேனாவுல அடிச்சிருக்கீங்க."

"அவ்வளவு உறுதியா இருந்தேன்."

அவள் வெளியே போய் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தாள். கவுன்ட்டருக்குப் பின்னால் நுழைந்தாள், இழுப்பறையைப் பார்க்காமலே திறந்து புது மனு எடுத்தாள், உட்கார்ந்தாள். அந்த இடத்தில் ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் விழும். கை தானாகப் பின்னால் போய் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டது. தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

எமிலுக்குத் தெரிந்தது. அவர் திரும்பி ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. வெங்காய வாசனை வந்தது. ரெனாட்டா ஹோபர்ட்டிடம் பென்ஷன் எவ்வளவு, அந்த மூட்டுவலி மருந்து ஒத்துக்கொண்டதா, மகன் இன்னும் ஓஹையோவில்தானா என்று கேட்டுக்கேட்டு எழுதினாள். போன் அடித்தது, எடுத்து, "ட்சுர்கோ அலுவலகம்" என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தோம். எமில் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து அவள் முழங்கை அருகில் வைத்தார். பேப்பர் நாப்கினை மடித்து வைத்தார். பிறகு இரண்டடி தள்ளி நின்று காலரைச் சரிசெய்தார்.

அவள் தட்டைப் பார்த்தாள். முள்கரண்டியை எடுத்து ஒரு பியரோகியில் குத்தினாள். பேச்சு வாக்கில்தான் கேட்டாள்.

"நேத்து பூத்துல கூட்டம் எப்படி இருந்தது ஹோபர்ட்? சீக்கிரம் ஓட்டுப் போட்டுட்டீங்களா?"

"எங்க போட விட்டாங்க? பேரைத் தேடிட்டு, உங்களுக்கு எந்தக் கட்சியும் இல்ல, போடக் கூடாதுன்னுட்டாங்க. ஆலையை மூடினப்போ கோவத்துல கட்சிப் பதிவை ரத்து பண்ணினோமில்ல, அது. மறந்தே போச்சு."

"பண்ணினோமா?"

"ஸ்டெல்மாக், வேக்னர் ரெண்டு பேரு, எங்க பௌலிங் கூட்டம், பழைய மூணாவது ஷிப்ட் மொத்தமும். உன் பேட்ஜைக் குத்திட்டு வரிசையா நின்னோம், வரிசையா திரும்பினோம். டோனட் நல்லா இருந்துச்சு."

உட்கட்சித் தேர்தலில் அந்தக் கட்சியில் பெயர் பதிந்தவர்தான் ஓட்டுப் போடலாம். பதிவை மாற்ற வேண்டுமானால் இரண்டு வாரம் முன்பே மாற்ற வேண்டும். தெருவில் போகிற யாரையும் கேட்டால் சொல்வார்கள். ரெனாட்டாவுக்குத் தெரியாதா? அவள் அந்த மூணாவது ஷிப்டுக்காரர்களின் ரத்த அழுத்தம்வரை அறிந்தவள். இருபது வருஷமாக இந்தக் கவுன்ட்டருக்கு வந்தவர்கள், தன்னுடைய ஆட்கள் என்று எண்ணிவிட்டாள். எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பார்க்காமல் இருக்கத்தான் பழகியிருந்தாள்.

முள்கரண்டியை அப்படியே பியரோகியில் விட்டுவிட்டாள். மனுவை முடித்தாள். முத்திரை குத்தினாள், ஹோபர்ட்டிடம் கையெழுத்து வாங்கினாள், ஆகஸ்டில் காசோலை வரும் என்றாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். க்ளெண்டா ஒருமுறை எமிலைப் பார்த்தார், ஒருமுறை ரெனாட்டாவைப் பார்த்தார், பிஸ்கட்டை நூலகத்துக்குக் கொடுக்கிறேன் என்று தட்டுகளை வாரிக்கொண்டு கிளம்பினார். நானும் கிளம்பியிருக்க வேண்டும். எமில் என் பக்கம் கையைக் காட்டினார், இரு என்று. தனியாக இருக்கப் பயந்தார் போலும்.

"திரும்பி வா," என்றார். "ரெண்டு வருஷம். அப்புறம் நீதான். இந்தத் தடவை எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"மூணாவது தடவை எமில்."

"தெரியும்."

"ஆலைக்காரங்க பேர் கட்சியில இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஏப்ரலில் ஹோபர்ட் வீட்டைத் தாண்டிப் போகும்போது முற்றத்தில் நட்டிருந்த ரெனாட்டாவின் பலகையைப் பார்த்து எமில் சொன்னார்: "பாவம், இந்தாளால ஓட்டுப் போட முடியாது." பதிவை மாற்ற அப்போது இன்னும் நாள் இருந்தது.

இல்லை என்று சொல்லுங்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு பொய். இத்தனை வருஷ அரசியலில் எத்தனையோ சொன்னவர். நானும் தலையாட்டியிருப்பேன். அவளும் நம்ப விரும்பினாள், ஸ்வெட்டர் இன்னும் தோளில்தான் இருந்தது.

"தெரியும்," என்றார் எமில்.

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல்."

அவள் தலையாட்டினாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"எதிர்த்து நிக்கறவளுக்கா?"

"இல்ல. எனக்கு."

எமில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பண்ணியிருந்தா நீ ஜெயிச்சிருப்பே."

"ஆமா."

"போயிருப்பே."

"இப்ப மட்டும்?"

அவள் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். ஸ்வெட்டரின் கைகளில் கையை நுழைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள்.

"சாவியை எடுத்துக்கங்க எமில்."

அவர் தொடவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும்."

"எடுத்துக்கங்க."

"மாட்டேன்."

அறுபது வயதைத் தாண்டிய மனிதர், நேற்று பல்லாயிரம் பேர் ஓட்டுப் போட்ட ஊரில் ஜெயித்தவர், ஒரு சாவியைப் பார்க்க மறுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னிடம், "தட்டைக் கழுவி சர்ச்சுல குடுத்துடு வெஸ்," என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. தினமும் மாலையில் கடைசியாகக் கிளம்பும்போது செய்வதைப் போல, வெளியிலிருந்து சாவி திரும்பியது, ஒரு தடவை, பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்க்கிற சத்தம். கதவிலிருந்த தபால் துளையின் மூடி எழும்பியது. சாவி உள்ளே மிதியடியில் விழுந்தது.