பின்பக்கமாக ஏற வேண்டிய கப்பல்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மத்தி மீன் டப்பாவில் தொடங்கியது.

ஏதென்ஸில், எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில், கிரிசாந்தி அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் அது திறந்து கிடந்தது. மேசை விரிப்பு நீலம், அதுதான் கடல். சர்க்கரை டப்பா கொரிந்து நகரம். காப்பிக் கிண்ணம் ஸ்பார்த்தா. ஆலிவ் எண்ணெய்ச் சீசா நெயாப்போலி துறைமுகம். விரிப்பின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம், அது கித்திரா தீவு. மீன் டப்பாவின் மூடியைப் பாதி சுருட்டி மேசைமேல் சாய்த்து வைத்திருந்தாள். டப்பா கார் ஏற்றும் கப்பல், மூடி அதன் சாய்தளம். கார் ஒரு பாதாம் பருப்பு.

"அடியே, பாத்துக்கிட்டே நில்லாத. உக்காரு. எந்த ஊர்ல ராத் தங்கலாம்னு சொல்லு," என்றாள்.

நான் பாதாம் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற ஊர்களுக்கெல்லாம் அதை முன்பக்கமாக நகர்த்தியவள், டப்பாவின் மூடி வந்ததும் திருப்பிப் பின்பக்கமாக உள்ளே தள்ளினாள். மூன்று தடவை தள்ளினாள். மூன்று தடவையும் பருப்பு கடலில் விழுந்தது.

அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். "கடல் நீலமாக இருந்தது. அதன் மேல் ஒரு—" (சீ, இதை எத்தனை பேர் எழுதியாயிற்று.) "கணவனை இழந்த ஒரு பெண் தன் வாழ்வில் முதன்முறையாகத் தன்னந்தனியே—" (அக்கா இதைப் படித்தால் என்னை மாடியிலிருந்து தள்ளிவிடுவாள்.) ஆகவே மீன் டப்பாவோடு நிறுத்திக்கொண்டேன்.

2

நெயாப்போலிக் கப்பலுக்கு வாய் ஒன்றுதான். கார்கள் பின்பக்கமாக ஏறி, தீவில் முன்பக்கமாக இறங்கும். ஏறும்போது காரில் ஓட்டுபவர் மட்டும்தான் இருக்கலாம். மற்றவர்கள் கரையிலேயே இறங்கி நடந்து ஏறவேண்டும்.*

* இதனால் கித்திராவுக்குப் போகும் மனைவிமார் எல்லோருக்கும் அந்தச் சாய்தளத்தின் ஒவ்வொரு இரும்புப் பட்டையும் காலில் தெரியும். கிரிசாந்தி அக்கா காலமெல்லாம் கீரைப் பணியாரப் பையைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்தவள். உள்ளே காரை ஏற்றியது அவள் புருஷன் பாந்தெலிஸ். அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பேனே என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பாந்தெலிஸ் போய்விட்டார். கார் இருக்கிறது. முன்பக்கமாக ஓட்டினால் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரிவர்ஸ் என்றால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. காரைப் பின்னால் எடுக்கத் தேவையில்லாத இடம் கிடைக்கும்வரை சந்தையைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

மீன் டப்பாவுக்கு முன்பே ஒருநாள், லாரிசாவில் இருக்கும் மகன் ஸ்திராத்தோஸ் போனில் ஆரம்பித்தான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"அந்தக் காரை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றே? வித்துடலாம். தக்காளி வாங்கப் போக ஒரு காரா?"

"தக்காளியா? கித்திராவுக்கே ஓட்டிட்டுப் போவேன்டா!"

"கப்பல்ல யாரு ஏத்துவா?"

"நான்தான். உங்கப்பன் ஆவியா வந்து ஏத்தும்?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினை.

"சரி. நீயே ஏத்திட்டா கார் உன்னோடது, இனிமே வாயைத் திறக்க மாட்டேன். கப்பல்காரன் ஸ்டியரிங்கைத் தொட்டான்னா, சாவி எனக்கு."

"வெச்சுக்கடா பந்தயம்," என்று அக்கா போனை வைத்தாள்.  "சாவியக் குடுத்துட்டா அப்புறம் யாராவது கூட்டிட்டுப் போனாத்தான் நான் எங்கயும் போக முடியும்," என்றாள் என்னிடம்.

3

இந்த மகனோடு எனக்குப் பிரச்சினை. முதல் வரைவில் அவனை வில்லனாக எழுதியிருந்தேன். கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டேன். நிஜ ஸ்திராத்தோஸ் என்ன செய்தான் தெரியுமா? பயணத்துக்கு முன் நாலு மணி நேரம் ஓட்டி வந்து, அம்மாவின் காருக்கு நான்கு புது டயர் மாட்டினான். தெருவில் படுத்து, சட்டையெல்லாம் கறையாகி, பிரேக்கைப் பார்த்தான்.

"நானும் வர்றேன். நீங்க ரெண்டு பேரும் வழில சண்டை போட்டுப்பீங்க," என்றான்.

வில்லன் இப்படிச் செய்தால் எழுதுகிறவள் என்ன செய்வாள்? கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அவன் பயப்படுகிறான், அவ்வளவுதான் விஷயம்.

4

ஞாயிற்றுக்கிழமை, மூடிக் கிடந்த பல்பொருள் அங்காடியின் பின்புறம். அக்கா தன் பால்கனித் துளசிகளை, அவை நட்டிருந்த பழைய பாலாடைக்கட்டி டின்களோடு தூக்கி வந்து இரண்டு வரிசையாக வைத்தாள். அதுதான் கப்பலின் வயிறு. முதல் முயற்சியிலேயே இரண்டு டின் நசுங்கியது.

"ரெண்டு லாரி காலி," என்றாள் ஜன்னல் வழியே.

நான் வரிசையின் கடைசியில் நின்று நம் ஊர் பஸ் கண்டக்டர் போலக் கையசைத்துக் கத்தினேன். இத்தனை வருஷம் கிரேக்க மொழியில்தான் பேசுகிறேன், கனவும் அதில்தான் வருகிறது, பதற்றத்தில் வாயில் வந்தது தமிழ்: "வரட்டும்... வரட்டும்... ரைட்ல ஒடி... வரட்டும்!"

"என்ன அது? வரத்துமா?"

"வரட்டும். பயப்படாம வான்னு அர்த்தம்."

"அப்ப அதையே சொல்லு. நல்லா இருக்கு." பிறகு ஒன்று சொன்னாள், இந்தக் கதையே அதன்மேல்தான் நிற்கிறது. "நான் பின்னாடி இருக்கற இடுக்கப் பாத்தா பயந்துடறேன். கண்ணாடில உன் கைய மட்டும் பாத்தா வண்டி வருது. ஆனா உன் கை பயந்தா எனக்குத் தெரிஞ்சுடுதுடி. அப்ப நின்னுடறேன்."

அன்று மாலை வெயில் சாய்வதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அத்தனை துளசிக்கும் நடுவில் நேராக வந்து நின்றாள். நான் அழுதுவிட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

5

(இங்கே கொரிந்தின் கால்வாய், ஸ்பார்த்தாவின் ஆரஞ்சு மரங்கள், வழியில் அம்மாவும் மகனும் போட்ட சண்டைகள் என்று நான்கு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்கள் கப்பலுக்காகக் காத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.)

நெயாப்போலியில் காற்று ஒருநாள் கப்பலை வரவிடவில்லை. மறுநாள் காலை வந்தது.

அடேயப்பா! நான் எத்தனையோ தடவை ஏறிய கப்பல்தான். ஆனால் அன்று அக்காவின் தோளருகே நின்று பார்த்தபோது அது வேறு கப்பல். கடலிலிருந்து ஒரு கட்டடம் நடந்து வருவதுபோல வந்து, எங்கள் முன்னால் மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி, வாயைத் திறந்தது. சாய்தளம் கரையில் இறங்கியபோது காலடியில் கல் அதிர்ந்தது. உள்ளே ஒரே இருட்டு. மேலே முழு வானம். மீன் டப்பாவை வைத்து இதை அளந்தோமே என்று நினைத்துக் கைகூப்பத் தோன்றியது.

"ஓட்டறவங்க மட்டும்! மத்தவங்க இறங்குங்க!" என்றார் கப்பல் ஆள், மீசைக்காரர்.

இறங்கினோம். ஸ்திராத்தோஸ் ஜன்னலில் குனிந்து, "அம்மா..." என்றான்.  அவள் பணியாரப் பையை அவன் கையில் திணித்தாள். "இத நீ தூக்கிட்டு நட," என்றாள்.

நாங்கள் சாய்தளம் வழியாக உள்ளே போய், படியேறி, மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். அவள் காரின் முகம் கரையைப் பார்த்திருந்தது. முதல் முறை கோணலாக வந்தது. முன்னால் எடுத்தாள். மறுபடி கோணல். கரையில் காத்திருந்த லாரிகள் ஹாரன் அடித்தன. மீசைக்காரர் போய்க் கதவைத் திறந்தார்.

"இறங்கும்மா, நான் போட்டுத் தர்றேன். கப்பல் கிளம்பணும்."

அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை. இறங்கவும் இல்லை. அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்:

"யோவ்! கதவ மூடுய்யா! எங்கம்மாவே ஏத்துவாங்க!"

ஸ்திராத்தோஸ்தான். துறைமுகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பணியாரப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தான், முகமெல்லாம் கண்ணீர்.

மீசைக்காரர் கதவை மூடினார். அக்கா ஜன்னல் வழியே அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கப்பலுக்குள், இருட்டுக்குள் நடந்து போனார். கார் மெதுவாகப் பின்னால் வரத் தொடங்கியது. அவள் எங்களைப் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்தாள். பிறகு காரின் கூரை எங்கள் காலுக்குக் கீழே மறைந்தது.

6

ஒரு முடிவு எழுதினேன்: உலோகம் உரசும் சத்தம், நெயாப்போலிக் கரை, சாவி கைமாறுகிறது, மகன் அதை வாங்க மறுக்கிறான். நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்று: கார் அம்புபோல வந்து நிற்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் மேல்தளத்தில் இருந்தேன். கீழே, அந்த வயிற்றுக்குள், அவளோடு நான் இல்லை. அவள் மீசைக்காரரிடம் என்ன கேட்டாள் என்பதை மட்டும் பிறகு சொன்னாள். "பின்னாடி நின்னு 'வரத்தும்'னு சொல்லுவியா?" என்று கேட்டாளாம். அவருக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லையாம்.

இதை நான் ஏன் தமிழில் எழுதினேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அந்த மனிதரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டேன். அவர் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். இரும்புத் தரை நடுங்குகிறது. எண்ணெயும் உப்பும் கலந்த வாடை. இடப்பக்கம் லாரி, வலப்பக்கம் சுவர். திறந்த வாயில் அவ்வளவு வெளிச்சம், அந்த வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு ஒரு பழைய கார் உங்களை நோக்கிப் பின்பக்கமாக வருகிறது. அதன் கண்ணாடியில் இரண்டு கண்கள். அவை உங்கள் கையை மட்டும்தான் பார்க்கின்றன.

கையை உயர்த்துங்கள். நடுங்கவிடாதீர்கள்.

சொல்லுங்கள்.