வீட்டு வண்டியும் வெள்ளாட்டுக் கிடாயும்

கிணற்றுப் படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போன பிறகு, மூன்று வருஷமாக நான் பார்த்தது ஒரே உத்தரத்தைத்தான். அதில் குடியிருக்கும் பல்லிகளுக்கெல்லாம் பேர் வைத்துவிட்டேன். ஒருதரம் மாட்டு வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வலி தாங்காமல் நான் போட்ட கூச்சலில் மாடே மிரண்டது. அதோடு சரி.

மேட்டூர் அணை வேலை முடிந்து சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், தான் குடியிருந்த லாரியை விற்கச் சொல்லியிருந்தார். புரோக்கர் மருதாசலம் அதை எங்கள் வாசலுக்கே ஓட்டி வந்தான். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வலை அடித்த பெரிய ஜன்னல்.

"இது வண்டியில்லீங்க, ஓடுற ஊடுங்க" என்றான்.

என் வீட்டுக்காரர் அப்புசாமி காளை வாங்கித்தான் பழக்கம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுழி பார்க்க இடமில்லாமல் டயரைத் தட்டினார். பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாமல் விளக்கைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏனுங்க, படுக்கப்போறது நானு. என்னைய வெச்சு ஓட்டிப் பாருங்க" என்றேன்.

கட்டிலோடு தூக்கி உள்ளே கிடத்தினார்கள். ஒரு சொம்பு மோரை என் நெஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். மோகனூர் ரோட்டில் வண்டி போனது. மோர் இரண்டு சொட்டுதான் சிந்தியது, வலி பொறுக்கிற வலி. ஜன்னலில் கரும்புக்காடு ஓடியது, பிறகு காவேரி வந்தது. தண்ணீர் அவ்வளவு அகலம் என்பதையே மறந்திருந்தேன். வாய்விட்டு அழுதேன்.

"எப்படி இருக்குது சவுந்திரம்?" என்றார் அவர்.

"வாங்கிப்போடுங்க. இனி அந்த உத்தரத்தை நான் பார்க்க மாட்டேன்."

அவரும் சரி என்றார். ஆனால் தன் அண்ணன் தங்கசாமியைக் கேட்காமல் அவர் துண்டு கூட மாற்றிக்கட்ட மாட்டார். வேப்ப மரத்தடியில் என்னை இறக்கி வைத்ததும் அண்ணன் வந்தார்.

"இத்தனை பெரிய காரியம். கருப்பண்ணசாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம். கெடாய் சிலுப்பட்டும்" என்றார்.

நேர்ந்துவிட்ட கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம். சிலுப்பாவிட்டால் இல்லை. என்னைக் கட்டிக்கொடுத்தபோது எந்த ஆட்டையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்காரரின் அண்ணன் முன்னால் நான் வாய் திறந்து பேசியதில்லை, அன்றைக்கும் பேசவில்லை.

கிடாய் வந்தது. தண்ணீர் தெளித்தார்கள். காதை ஆட்டிவிட்டு வேப்பந்தழையைத் தின்றது. ஒரு குடம் ஊற்றினார்கள். குளிக்க வைத்ததுபோல் சுகமாக நின்றது. மல்லாந்து கிடந்தபடி அந்தக் கிடாயைத்தான் நான் கும்பிட்டேன். 'கொஞ்சம் அசைந்துவிடடா கண்ணு, உனக்கென்ன குறைந்துபோகும்?'

"எடப்பாடியில நாடகக் கம்பெனிக்காரங்க பணத்தோட நிக்கறாங்க. பொழுது சாயறதுக்குள்ள நான் அங்க போகோணுமுங்க" என்று மருதாசலம் பரபரத்தான்.

"சாமிக்கு மேல அவசரமா உனக்கு?" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். வெயில் ஏறியது. கிடாயின் உடம்பில் ஈரம் காய்ந்தே போனது.

மருதாசலம் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான். தெருமுனையில் திரும்பும்போது, கோபமோ என்னவோ, ஹாரனை நீளமாக அடித்தான்.

கிடாய் திடுக்கிட்டது. தலை முதல் வால் வரை உடம்பைச் சிலுப்பியது.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு!" என்று அண்ணன் கை கூப்பினார்.

"ஓடுங்க! ஓடிப் புடியுங்க!" என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். அந்தத் தடி உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. புழுதி மட்டும் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் மெல்ல நடந்து அவர் வந்தார்.

சிலுப்பிய கிடாயைச் சும்மா விடக்கூடாதாம். அன்றைக்கே வெட்டினார்கள். என்னைக் கவனித்துக்கொள்ளும் ஆத்தாயி கறிச்சோறு பிசைந்து உள்ளே கொண்டுவந்தாள். தலைக்கு மேல் அதே உத்தரம்.

"என்னைச் செவுத்துப் பக்கமா திருப்பி உடு ஆத்தாயி" என்றேன்.